சிமெண்ட் ரோட்டில் விரிசல்: அடைத்தால் போதுமா, பெயர்த்துப் போடணுமா?

முதலில் விரிசலை உட்கார்ந்து பாருங்கள். போட்ட அன்றே வெயிலும் காற்றும் மேல்ஈரத்தை உறிஞ்சியதால் வந்த மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் ஆழம் போகாது, விட்டுவிடலாம். ரோட்டின் குறுக்கே ஒரே கோடாக ஓடினால், ஜாயின்ட் (விரிசல் கண்டபடி ஓடாமல் இருக்க முன்கூட்டியே வெட்டும் கோடு) வெட்டத் தாமதித்திருப்பார்கள், அல்லது கனத்தில் கால் பங்குகூட வெட்டியிருக்க மாட்டார்கள். மழைக்குப் பின் லாரி ஏறும்போது சேற்றுநீர் பீய்ச்சினால் அடிமண்ணே அரிக்கிறது. சந்தேகமா? கோர் எடுத்தால், அதாவது ரோட்டைத் துளைத்து உருளையாக ஒரு துண்டை எடுத்துப் பார்த்தால், ஆழம் தெரிந்துவிடும்.

செலவு: அடைப்பது மலிவு. பெயர்த்தால் உடைக்க, அள்ள, கம்பி பொருத்த, கான்கிரீட் போட என்று கூலி ஏறும்.

நேரம்: அடைத்தால் அன்றைக்கே வண்டி விடலாம். புதுக் கான்கிரீட்டை நனைத்துக் காக்க வாரக்கணக்கில் தெருவை மூடணும்.

ஆயுள்: சீலன்ட் (விரிசலை அடைக்கும் பசை) சில வருடத்தில் விட்டுப்போகும், மறுபடி நிரப்பணும். அடிமண்ணையும் கெட்டித்துப் பெயர்த்துப் போட்டது நீடிக்கும்.

குறுகலான, இரு பக்கமும் சமமாக நிற்கும் விரிசலுக்கு சீலன்ட் போதும். ஒரு பக்கம் இறங்கியிருந்தாலோ, மூலை உடைந்து ஆடினாலோ பெயர்க்கத்தான் வேண்டும். சிமெண்ட் பாலைத் தேய்த்து மறைப்பதை மட்டும் தயவுசெய்து ஒப்புக்கொள்ளாதீர்கள், சீக்கிரமே உரிந்துவிடும்.