இறையியல் முனைவர் படிப்புக்கு ‘ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறோம்’ என்றால் பணம் கட்டாதீர்கள்

சென்னையில் பி.டி., எம்.டிஎச். ஆகிய இறையியல் பட்டங்களை முடித்துவிட்டு வெளிநாட்டில் முனைவர் படிப்புக்கு உதவித்தொகை தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இறையியல் மாணவர்களுக்கென்றே ‘ஸ்காலர்ஷிப் ஆலோசனை’ தருவதாகச் சொல்லிக்கொண்டு புரசைவாக்கம் பக்கம் ஒரு அலுவலகம் நடக்கிறது. பெயரைப் போட முடியாது. வழக்கு நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது, பெயரைப் போட வேண்டாம் என்கிறார் வக்கீல். நான் அங்கே கட்டியது மொத்தம் 1,83,000 ரூபாய். கைக்கு வந்தது ஒன்றுக்கும் உதவாத ஒரு கடிதமும் மூன்று ரசீதுகளும். அந்த ரசீதுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, பிறகு வருகிறேன்.

நான் பழைய ஏற்பாட்டில் எம்.டிஎச். ஒரு வேதாகமக் கல்லூரியில் பகுதி நேரமாக எபிரேயம் சொல்லித் தருகிறேன். குருப்பட்டம் பெறாத பெண். இவர்கள் ஆள் பிடிப்பதே என்னைப் போன்றவர்களிடம்தான், ஏன் என்று சொல்கிறேன்.

சபை வழியாக வரும் உதவித்தொகைகளுக்கு சபைத் தலைமையின் கடிதம் இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. ஜெனீவாவிலுள்ள லுத்தரன் உலகச் சம்மேளனம் தன் உறுப்புச் சபைகள் வழியாகத்தான் விண்ணப்பம் வாங்குகிறது. ஜெர்மனியின் ‘ப்ரோட் ஃப்யூர் டி வெல்ட்’ உதவித்தொகைக்கும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்கிற ஒரு சபையோ அமைப்போ நம்மை முன்மொழிய வேண்டும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. படித்துவிட்டுத் திரும்பி வந்து சபைக்கோ செமினரிக்கோ (இறையியல் கல்லூரிக்கோ) உழைக்க வேண்டும் என்றுதானே பணம் தருகிறார்கள்? ஆனால் நம் ஊரில் அந்தக் கடிதம் யாருக்குக் கிடைக்கும், எந்த சபை எலெக்‌ஷன் முடிந்த பிறகு கிடைக்கும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். ‘லெட்டர் கிடைக்கல’ என்று உட்கார்ந்திருப்பவர்களில் நான் பார்த்தவரை பெண்களும், வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பையன்களும்தான் அதிகம். இந்த அலுவலகம் வாட்ஸ்அப்பில் சுற்றவிடும் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பதும் ‘பிஷப் லெட்டர் தேவையில்லை’ என்ற வரிதான்.

ஒரு மொபைல் கடைக்கு மேலே முதல் மாடி. சுவர் முழுக்க கவுனும் தொப்பியும் போட்டுக்கொண்டு பட்டம் வாங்கும் ஆட்களின் படங்கள். நடத்துகிறவர் பெயருக்கு முன்னால் ரெவரெண்ட் டாக்டர். பேச்சுக்குப் பேச்சு வேதாகம வசனம். நான் கட்டணம் எவ்வளவு என்று கேட்டால், “எஸ்தரை ராஜா முன்னாடி கொண்டு போய் நிறுத்தினவர் உங்களையும் நிறுத்துவார், சிஸ்டர்” என்றார். அதற்கப்புறம்தான் தொகை வந்தது. பதிவுக் கட்டணம் 15,000, பல்கலைக்கழக விண்ணப்பங்களுக்கு 48,000, ‘ஸ்காலர்ஷிப் உறுதி டெபாசிட்’ 1,20,000. டெபாசிட் மட்டும் கடிதம் வந்த பிறகு கட்டினால் போதுமாம்.

என் பெயரில் ஒரு ஜிமெயில் கணக்கை அவர்களே தொடங்கினார்கள். பாஸ்வேர்டு அவர்களிடம். “வெளிநாட்டு மெயில் எல்லாம் டெக்னிகலா இருக்கும், நாங்க பார்த்துக்கிறோம்” என்றார்கள். யாராவது இப்படிச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். எந்தப் பல்கலைக்கழகத்துக்கு என்ன போனது, அவர்கள் என்ன பதில் எழுதினார்கள் என்று நமக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு.

48,000-க்கான கணக்கு கேட்டபோது ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள். அதில் ஒரு வரி: ஆக்ஸ்ஃபோர்டு க்ளாரெண்டன் ஸ்காலர்ஷிப் தனி விண்ணப்பம், 12,000 ரூபாய். க்ளாரெண்டனுக்குத் தனி விண்ணப்பமே கிடையாது. ஆக்ஸ்ஃபோர்டில் பட்டமேற்படிப்புக்குக் குறித்த தேதிக்குள் விண்ணப்பித்தால் அதற்கும் தானாகவே பரிசீலிப்பார்கள். கேட்ஸ் கேம்பிரிட்ஜும் ஏறக்குறைய அப்படித்தான், கேம்பிரிட்ஜின் சேர்க்கை விண்ணப்பத்துக்குள்ளேயே அதற்கான பகுதி இருக்கிறது. பல்கலைக்கழகம் விண்ணப்பக் கட்டணம் வாங்குவது உண்மை. ஆனால் அதை நம்முடைய கார்டிலேயே நேராகக் கட்டலாம், ரசீதும் நம் மெயிலுக்கு வரும். நடுவில் யாருக்கும் வேலை இல்லை.

அதே தாளில் இன்னொரு வரி, ‘மத்திய அரசு மைனாரிட்டி ஃபெலோஷிப்’. விசாரித்தால் அது மௌலானா ஆசாத் தேசிய ஃபெலோஷிப். அதை 2022-23 முதல் நிறுத்திவிட்டதாக மத்திய அரசு நாடாளுமன்றத்திலேயே சொல்லிவிட்டது. செத்துப்போன திட்டத்துக்கும் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

எனக்கு உறுதியாகப் பிடிபட்டது பரிந்துரைக் கடித விஷயத்தில். விண்ணப்பிக்கும்போது நம் பேராசிரியர்களின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுக்கிறோம். உடனே பல்கலைக்கழகத்தின் கணினியே அவர்களுக்குத் தனித்தனியாக மெயில் அனுப்பும், அவர்கள் நேராக அங்கே கடிதத்தை ஏற்றுவார்கள். நாம் அதைப் பார்க்கவே முடியாது, அதற்காகத்தான் அந்த முறை. இவர்களோ கடிதங்களை பிடிஎஃப்-ஆக வாங்கி எங்கள் கையில் கொடுங்கள் என்றார்கள். என் வழிகாட்டியைப் போய்ப் பார்த்து, “சார், ஏதாவது மெயில் வந்ததா?” என்று கேட்டேன். ஸ்பாம் பெட்டி வரைக்கும் தேடிப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் வரலம்மா. எங்க அப்ளை பண்ணினே?” என்றார். எங்கேயும் அப்ளை செய்யவில்லை என்பதுதான் பதில். அப்புறம் நானே இரண்டு பல்கலைக்கழகங்களின் சேர்க்கைப் பிரிவுக்கு எழுதிக் கேட்டேன். அந்தப் பெயரிலும் அந்த மெயில் முகவரியிலும் விண்ணப்பம் எதுவும் இல்லை என்று இரண்டு இடத்திலிருந்தும் பதில் வந்தது.

இதற்கு நடுவே என் ‘ஆய்வு முன்மொழிவு’ என்று ஒரு கோப்பைக் காட்டினார்கள். நான் எழுதிக் கொடுத்தது வேதாகமத்தின் ரூத் புத்தகத்தில் நிலமும் விதவைகளும் பற்றி. அவர்கள் காட்டியது கடைசிக்கால தீர்க்கதரிசனம் பற்றி. மூன்றாம் பக்கத்தில் ஆராய்ச்சியாளர் ‘அவர், தன் மனைவியோடு’ ஊழியம் செய்து வருவதாக இருந்தது. யாரோ ஒரு பாஸ்டருக்குத் தயாரித்ததில் முதல் பக்கத்தில் மட்டும் என் பெயரை மாற்றியிருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் கலங்கியது. இப்படி ஒன்று நிஜமான பல்கலைக்கழகத்துக்கு என் பெயரில் போயிருந்தால் பணம் போனதைவிட அது பெரிய நஷ்டம். அடுத்தவர் எழுத்தைத் திருடியவள் என்ற பெயரோடு எந்த மேற்பார்வையாளரிடம் போய் நிற்பது?

இவ்வளவும் தெரிய வருவதற்கு முன்பே அந்தக் கடிதம் வந்து, நான் டெபாசிட்டும் கட்டியிருந்தேன். ஃபுளோரிடாவிலுள்ள ஒரு ‘பல்கலைக்கழகம்’ எனக்கு 75 சதவீத உதவித்தொகை தருகிறதாம். மீதி 25 சதவீதம் நான் கட்ட வேண்டும், ஆண்டுக்கு 4,500 டாலர். படிப்பு முழுக்க ஆன்லைனில். ‘மாநில அரசால் அனுமதிக்கப்பட்டது’ என்று கீழே தங்க நிற முத்திரை. இங்கேதான் விவரம் தெரிய வேண்டும். ஃபுளோரிடா போன்ற சில மாநிலங்களில் மதக் கல்வி மட்டும் தருகிற நிறுவனங்கள் மாநில உரிமத்திலிருந்து விலக்குப் பெறலாம். விலக்கு இருக்கிறது என்றால் உரிமம் வாங்கத் தேவையில்லை என்றுதான் பொருள், படிப்பின் தரத்தை யாரும் பார்த்து ஒப்புக்கொண்டதாக ஆகாது. அமெரிக்காவிலும் கனடாவிலும் இறையியல் கல்லூரிகளுக்கு முக்கியமாக அங்கீகாரம் தருவது ஏ.டி.எஸ். (இறையியல் கல்லூரிகளின் சங்கம்) என்ற அமைப்பு. அதன் உறுப்புக் கல்லூரிகளின் பட்டியல் இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கிறது. ஆசியக் கல்லூரிகள் பலவற்றுக்கு அதே மாதிரி ஏ.டி.ஏ. (ஆசிய இறையியல் சங்கம்) இருக்கிறது. என் கடிதத்திலிருந்த பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. இணைய முகவரியும் ‘டாட் எடு’ (.edu) என்று முடியவில்லை. 2001-க்குப் பிறகு அந்த முகவரி அங்கீகாரமுள்ள உயர்கல்வி நிறுவனங்களுக்குத்தான் தரப்படுகிறது. ஐ-20 படிவம் எப்போது வரும் என்று கேட்டேன். அது இல்லாமல் மாணவர் விசாவுக்கு ஜெமினி பக்கத்திலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய் நிற்கவே முடியாது. “அது அப்புறம் பார்த்துக்கலாம் சிஸ்டர்” என்றார். பார்க்க ஒன்றும் இல்லை. அமெரிக்க அரசின் மாணவர் விசாத் திட்டத்தில் சான்று பெற்ற கல்லூரி மட்டுமே ஐ-20 தர முடியும். அந்தப் பட்டியலும் இணையத்தில் இருக்கிறது, இந்தப் பெயர் அதிலும் இல்லை.

75 சதவீதம் என்ற கணக்கையும் யோசித்துப் பாருங்கள். பெயருக்கு ஒரு பெரிய கட்டணத்தை எழுதிவைத்து, அதில் முக்கால் பங்கைத் தள்ளுபடி செய்து, மீதியை வசூலிப்பது ஆடித் தள்ளுபடி வித்தை. நல்ல அமெரிக்கக் கல்லூரிகளின் பிஎச்.டி. வேறு மாதிரி. பிரின்ஸ்டன் இறையியல் செமினரி, யேல், டியூக், எமரி போன்ற இடங்களில் பிஎச்.டி.க்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால் கல்விக் கட்டணத்தை அவர்களே ஏற்றுக்கொண்டு சில ஆண்டுகளுக்கு மாதச் செலவுக்கும் பணம் தருவார்கள். எடுப்பது மிகக் குறைவான பேரை, போட்டி கடுமை, அது வேறு விஷயம். ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களில் முனைவர் ஆய்வுக்குப் பொதுவாகக் கல்விக் கட்டணமே இல்லை, செமஸ்டருக்கு ஒரு சிறு தொகைதான். வாழ்க்கைச் செலவுக்குத்தான் டி.ஏ.ஏ.டி. (ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு) மாதிரி உதவித்தொகை தேட வேண்டும், அதற்கு விண்ணப்பிக்கவும் கட்டணம் கிடையாது. சுவிசேஷ மரபைச் சேர்ந்தவர்களுக்கு, ஜான் ஸ்டாட் தொடங்கிய லாங்ஹாம் உதவித்தொகை இருக்கிறது. படித்துவிட்டு சொந்த நாட்டுக்குத் திரும்பி வேலை செய்ய வேண்டும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு.

இங்கேயே படிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு செராம்பூர் இறையியல் செனட்டின் முனைவர் பட்டமான டி.டிஎச். இருக்கிறது, சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறித்தவ ஆய்வுத் துறையும் இருக்கிறது. யுஜிசி நெட் தேர்வில் சமயங்களின் ஒப்பாய்வு ஒரு பாடம். அதில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். இந்த வழியைப் பற்றி அந்த மாடி அலுவலகத்தில் ஒரு வார்த்தை வராது, அவர்களுக்கு அதில் கமிஷன் இல்லை.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் “ஜெபத்துல வெச்சிருக்கோம்” என்றார்கள். விடாமல் கேட்டதும் ரெவரெண்ட் டாக்டரே கூப்பிட்டு ஒரு சமாதானம் சொன்னார்: “கட்டின பணத்துக்கு ஹானரரி டாக்டரேட் குடுத்துடலாமா சிஸ்டர்? எக்மோர்ல ஹால் புக் பண்ணியாச்சு, கவுன், தொப்பி, போட்டோ எல்லாம் அதுலயே அடக்கம்.” எபிரேய வினைச்சொல்லோடு இத்தனை வருடம் மல்லுக்கட்டியதற்கு ஒரு வாடகைக் கவுன்! சுவரில் மாட்டியிருந்த அத்தனை படங்களும் எந்த விழாவில் எடுத்தவை என்று அப்போதுதான் விளங்கியது.

இப்போது ரசீதுகள். பணம் போனது ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு. ரசீது வந்தது ஒரு டிரஸ்டின் பெயரில். மூன்றிலும் விவரம் எழுதும் கோட்டில் ‘ஊழியத்துக்கான நன்கொடை’ என்று இருக்கிறது. கட்டணம், சேவை, ஸ்காலர்ஷிப் என்ற சொற்களே இல்லை. நான் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியதும் அவர்கள் தரப்பிலிருந்து வந்த பதில் இரண்டே வரி: மேற்படியார் மனமுவந்து அளித்த காணிக்கை, திருப்பித் தரக்கூடியதல்ல. முதல் நாளிலிருந்தே இந்தப் பதிலுக்காகத்தான் அப்படி எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே எந்த ஆலோசனை நிறுவனமானாலும் ரசீதில் என்ன வேலைக்கு எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

என்னைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது வாட்ஸ்அப் உரையாடல்கள். ‘டெபாசிட் கட்டினால்தான் ஸ்காலர்ஷிப் உறுதியாகும்’ என்று அவர்கள் கைப்பட அனுப்பிய செய்தியும், 12,000 கணக்குத் தாளும் இருப்பதால்தான் இது நன்கொடை இல்லை என்று வாதாட முடிகிறது. எதையும் அழிக்காதீர்கள். அவர்கள் ‘அனைவருக்கும் நீக்கு’ போடுவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

பணம் போனது தெரிந்தவுடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிட வேண்டும். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வங்கியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம். எனக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது, ஆனாலும் சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிந்து எண் வாங்கி வைத்திருக்கிறேன். உள்ளூர் காவல் நிலையத்தில் சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றதற்கான ஒப்புகை) போட்டிருக்கிறார்கள், எஃப்.ஐ.ஆர். இன்னும் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்த தொகைக்கான புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் போகலாம், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட்டாக வேண்டும்.

புரசைவாக்கத்தில் மொபைல் கடைக்கு மேலே பணம் கட்டியவர்கள் இன்னும் இருப்பார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் என் ரசீது எண்கள் மூன்று இலக்கத்தில் இருக்கின்றன. ‘நன்கொடை’ ரசீது உங்களிடமும் இருந்தால் தனித்தனியாகப் புகார் கொடுங்கள், ரசீதின் நகலைப் புகாரோடு இணையுங்கள். ஒரே வாசகம் பத்துப் பேரின் ரசீதில் இருந்தால் காணிக்கை என்ற கதை ஆணையத்தில் எடுபடாது என்கிறார் வக்கீல். சென்ற முறை எதிர்த்தரப்பு வரவே இல்லை, வாய்தா வாங்கியிருக்கிறார்கள்.