உரிந்த பெயிண்டும் டூ-கே எபாக்ஸி பிரைமரும்: பழைய காருக்கு வாங்கலாமா?

புதுப்பித்த அம்பாசடரின் மட்கார்டில் ஒரு கல் தெறிக்கிறது. அந்த இடத்திலிருந்து பெயிண்ட் அப்பளம் மாதிரி பெயர்ந்து வருகிறது. பழி உடனே டாப் கோட் மேல் விழும். பெரும்பாலும் அதற்கும் இதற்கும் சம்பந்தமே இருக்காது. கோளாறு அடியில் இருக்கும். அந்த அடிக்கோட்டுக்காகவே விற்கிற சரக்குதான் டூ-கே எபாக்ஸி பிரைமர், அதாவது ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கும் இரட்டைச் சரக்கு. இரும்புத் தகட்டுக்கு இதைவிட நம்பகமான அடிக்கோட் கிடையாது. ஆனால் அவசரக்கார டிங்கரிங் ஷெட்டுக்கு இது சரிவராது.

காசு கொடுப்பதற்கு முன் உரிந்த சில்லைத் திருப்பிப் பாருங்கள். சில்லின் முதுகில் பிரைமர் நிறமும் வண்டியில் வெறும் தகடும் தெரிந்தால், பிரைமர் தகட்டைப் பிடிக்கவே இல்லை. வண்டியில் பிரைமர் அப்படியே நிற்க, சில்லின் முதுகில் மேல்நிறம் மட்டும் இருந்தால், பிரிவு இரண்டு கோட்டுக்கு நடுவில்: தேய்க்காமலோ, அடுத்த கோட் அடிக்க வேண்டிய கெடு தாண்டியோ அடித்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஒரே பிரைமர் நிறமா? அப்படியானால் பிரைமரே நடுவில் பிளந்திருக்கிறது. ஹார்ட்னர் அளவு தவறியிருக்கும், இல்லை ஒரே மூச்சில் தடிமனாக அடித்ததில் தின்னர் உள்ளேயே மாட்டியிருக்கும். முதுகில் பழுப்புத் தூள் ஒட்டியிருந்தால் துரு முழுதாகப் போகவில்லை. பள்ளம் நிரப்பும் பட்டி கட்டியாகச் சேர்ந்து வந்தால் பட்டிக்கு அடியில் என்ன இருந்தது என்று கேட்க வேண்டும்.

அந்தக் கேள்விக்கு அடிக்கடி வரும் பதில், எட்ச் பிரைமர். இது அமிலத்தால் தகட்டை அரித்துப் பிடிக்கிறது. விலை குறைவு, சீக்கிரம் காயும், அதனால் ஷெட்டுகளில் செல்வாக்கு அதிகம். ஆனால் கோட் மிக மெல்லியது, ஈரத்தைத் தடுக்காது. அதன் மேல் நேராகப் பாலியெஸ்டர் பட்டி வைத்தால் அமிலம் பட்டியைச் சரியாக இறுக விடாது. எட்ச் மேல் எபாக்ஸி அடித்தால் டபுள் பாதுகாப்பு என்று சொல்பவர்களும் உண்டு. பல கம்பெனிகள் தங்கள் எபாக்ஸியை அமில பிரைமர் மேல் அடிக்கவே கூடாது என்கின்றன, ஏனெனில் ஹார்ட்னரில் இருக்கும் அமைன் என்ற வேதிப்பொருளை அந்த அமிலம் தின்றுவிடும். துருவின் மேல் தடவும் துரு மாற்றித் திரவத்துக்கும் இதே கதைதான். பாஸ்பாரிக் அமிலம் தடவினால், அது காய்வதற்குள் தண்ணீரால் நன்றாகக் கழுவி, உடனே துடைத்து உலர்த்திவிட வேண்டும். இல்லாவிட்டால் எபாக்ஸி அந்த அமிலம் விட்டுச்செல்லும் உப்பின் மேல்தான் உட்காரும்.

வெறும் தகட்டை 80 அல்லது 120 நம்பர் எமரித் தாளால் உலர்வாகத் தேய்க்க வேண்டும். கண்ணாடி மாதிரி பளபளத்தால் பிடிப்பு இல்லை. தேய்ப்பதற்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை டிகிரீசர், அதாவது எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் திரவம். ஒரு துணியால் ஈரமாகத் தடவி, அது உலர்வதற்குள் வேறு சுத்தமான துணியால் துடைக்க வேண்டும். ஒரே துணி என்றால் எண்ணெய் இடம் மாறுமே தவிர வெளியே போகாது. காட்டன் வேஸ்ட் வேண்டாம். சென்னை மாதிரிக் கடலோரத்தில் வெறும் தகடு ஒரு ராத்திரியில் சிவந்துவிடும், ஆகவே தேய்த்த அன்றே பிரைமர் ஏற வேண்டும். ஈரப்பதம் 85 சதவீதத்தைத் தாண்டிய மழைநாளில் ஸ்பிரே கன்னைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

கலவை விகிதம் பிராண்டுக்குப் பிராண்டு மாறும்: 4க்கு 1, 2க்கு 1, 1க்கு 1. டின்னில் இருப்பது பெரும்பாலும் கொள்ளளவுக் கணக்கு, எடைக் கணக்கு அல்ல. 4க்கு 1 என்றால் 400 மில்லிக்கு 100 மில்லி. 'கொஞ்சம் கூட ஊற்றினால் சீக்கிரம் இறுகும்' என்பது தப்பு, மிஞ்சிய ஹார்ட்னர் கோட்டைப் பலவீனமாக்கும். வேறு கம்பெனி ஹார்ட்னரும், லூஸில் ஊற்றித் தருவதும் கூடாது. சில பிராண்டுகளில் கலந்தபின் அரைமணி ஊற வைக்கச் சொல்லியிருக்கும். அதைத் தாண்டிக் குதித்தால் மேலே மெழுகு மாதிரி ஒரு படலம் கட்டும், அடுத்த கோட் அதோடு சேர்ந்து உரியும். 1.6 மில்லிமீட்டர் நாசிலில் இரண்டு கோட், நடுவே 15 முதல் 20 நிமிடம். காய்ந்த தடிமன் 40-50 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) போதும். கொள்ளளவில் பாதி திடப்பொருள் உள்ள சரக்கு 50 மைக்ரானில் லிட்டருக்கு 10 சதுர மீட்டர் வரும். இது காகிதக் கணக்கு, கன்னில் தெறித்து வீணாவதைக் கழித்தால் 5 அல்லது 6 என்று வையுங்கள்.

குறைகளும் உண்டு. அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போது தேய்த்தால் எமரியில் பிசினாக அடைக்கும். பள்ளம் நிரப்பாது, அதற்கு மேலே பி.யூ. (பாலியூரிதேன்) சர்பேஸர் என்ற நிரப்புக் கோட் வேண்டும். மறுகோட் கெடு சிலவற்றில் ஒரு நாள், சிலவற்றில் ஒரு வாரம். அது தாண்டினால் 320 எமரியால் தேய்க்காமல் எதையும் அடிக்கக் கூடாது. பல ஷெட்டுகளில் வண்டி பிரைமரோடு மாதக்கணக்கில் நிற்கும், பிறகு ஒரு நாள் துடைத்துவிட்டு நேராகக் கலர் அடிப்பார்கள். கோட்டுக்கு நடுவே உரிவதற்கு முதல் காரணம் இதுதான். ஹார்ட்னர் தோலில் பட்டால் அலர்ஜி வரும், நைட்ரைல் கையுறை கட்டாயம். ஹார்ட்னரே இல்லாமல் ஸ்பிரே கேனில் 'எபாக்ஸி' என்று விற்பது வேறு சரக்கு, அதற்கும் இந்த விமர்சனத்துக்கும் தொடர்பில்லை.

தின்னரில் கரையும் பழைய என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட் அடியில் இருந்தால் இதை வாங்கிப் பயனில்லை. என்.சி. தின்னர் நனைத்த துணியை ஒரு நிமிடம் அழுத்திப் பாருங்கள். நிறம் கரைந்து வந்தால் தகடு வரை சுரண்டியே ஆக வேண்டும். ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் பேனல்களைப் போல்ட் கழற்றி எடுக்கலாம் என்பதால் இந்த வேலை சுலபம், இரண்டு பக்கமும் பிரைமர் ஏறும். அம்பாசடரின் வெல்டிங் மடிப்புகளுக்குள் கன் எட்டாது.

காரில் அடிக்கும் நாளிலேயே ஒரு துண்டுத் தகட்டிலும் அதே முறையில் அடித்து, 7 நாள் விட்டுச் சோதியுங்கள். மொத்தத் தடிமன் 60 மைக்ரானுக்குள் என்றால் கீறும் கோடுகளுக்கு நடுவே 1 மில்லிமீட்டர் இடைவெளி, 120 வரை 2, அதற்கு மேல் 250 வரை 3. அந்த இடைவெளியில் குறுக்கும் நெடுக்கும் ஆறாறு கோடு, தகடு வரை பிளேடால் கீறுங்கள். 25 கட்டம் கிடைக்கும். டேப்பை அழுத்தி ஒட்டி இழுத்தால் ஒரு கட்டம்கூட வரக் கூடாது. இந்தச் சோதனைக்கான சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 2409 அளவுகோலில் அது 0, அதுதான் முதல் மார்க். அமெரிக்கத் தரமான ஏ.எஸ்.டி.எம். டி3359 முறையில் அதே ஒட்டலுக்கு 5பி என்று எழுதுவார்கள், ஷெட்டில் ரிப்போர்ட் கேட்கும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.