காளான் குடிலுக்கு எந்த கார்பன் டை ஆக்சைடு மீட்டர்?

ஒரத்தநாடு, பாபநாசம் பக்கம் வைக்கோலில் சிப்பிக் காளான் போடுகிறவர்களுக்கு ஒரு தொல்லை. ஈரம் காக்கக் குடிலை மூடினால் உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறும். வெளிக்காற்றில் சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு. மொட்டு விடும் சமயம் குடிலில் 1,000-க்குள் இருந்தால் நல்லது. மிஞ்சினால் காம்பு நீண்டு குடை சிறுத்துவிடும். இதைவிடக் கறாராக இந்த வாயுவைக் கண்காணிக்கும் இடம் நீர்மூழ்கிக் கப்பல். இந்த வாயுவை உறிஞ்சும் அமீன் என்ற ரசாயனக் கரைசலால் காற்றைக் கழுவியும் அங்கே சில ஆயிரம் பிபிஎம் சாதாரணம்.

அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களில் காற்றை அளக்கும் மையக் கருவி மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். மூலக்கூறை எடை பார்த்துப் பிரிக்கும். கார்பன் டை ஆக்சைடின் எடை 44, சிக்கலில்லை. கார்பன் மோனாக்சைடுக்கும் நைட்ரஜனுக்கும் 28 என்பதால், மோனாக்சைடுக்கு மட்டும் தனி அகச்சிவப்புக் கருவி. நமக்கு இது கட்டுப்படியாகாது.

கைப்பம்பால் காற்றை இழுக்கும் கண்ணாடிக் குழாயும் உண்டு. உள்ளிருக்கும் ரசாயனம் ஊதாவாகும் தூரம்தான் அளவு. கரண்ட் தேவையில்லை, ஆனால் ஒரு குழாய் ஒரு தடவைக்குத்தான். தினமும் பார்க்க உதவாது, இன்னொரு மீட்டரைச் சரிபார்க்க உதவும்.

ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் 'இசிஓ2' சென்சாரை வாங்கவே வாங்காதீர்கள். அது இந்த வாயுவை அளப்பதே இல்லை. காற்றிலுள்ள வேறு ஆவிகளைப் பார்த்து ஊகிக்கிறது. வைக்கோலை ஃபார்மலினில் ஊறவைக்கும் இடத்தில் அந்த ஊகம் எப்படியிருக்கும்?

மிச்சமிருப்பது என்டிஐஆர் என்ற அகச்சிவப்பு மீட்டர். கார்பன் டை ஆக்சைடு விழுங்கும் 4.26 மைக்ரான் அகச்சிவப்பு ஒளி எவ்வளவு குறைகிறது என்று பார்க்கும். என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் இதிலும் ஒரு வம்பு உண்டு. பல மாடல்களில் 'ஏபிசி' என்ற தானியங்கிச் சீரமைப்பு இருக்கிறது. அண்மையில் கண்ட மிகக் குறைந்த அளவை 400 என்று அதுவே வைத்துக்கொள்ளும். தினமும் சன்னல் திறக்கும் வீட்டுக்கு இது சரி. குடிலில் 900-க்குக் கீழே இறங்காவிட்டால்? அந்த 900-ஐ 400 ஆக்கிவிடும். பிறகு 1,500 இருக்கும்போது 1,000 என்று காட்டி ஏமாற்றும். வாரக்கணக்கில் நீருக்கடியில் இருக்கும் நீர்மூழ்கிக் கப்பலிலும் இதே நிலைமைதான். அளவு தெரிந்த சிலிண்டர் வாயுவை வைத்துத்தான் அங்கே சரிபார்க்க முடியும்.

ஆகவே ஏபிசியை அணைக்க வழியுள்ள மாடலாகக் கேட்டு வாங்குங்கள். புகைபோலத் தண்ணீர் தெளிக்கும் முனைக்கு நேரே மாட்டாதீர்கள். உள்ளே ஈரம் படிந்தால் ஒளி மங்கும். அவ்வப்போது வெளியே கொண்டுபோய் நீங்களே சீரமையுங்கள். அதை விடியற்காலை வயலோரத்தில் செய்ய வேண்டாம். இரவெல்லாம் பயிரும் மண்ணும் விட்ட வாயு தரையோடு தங்கி, 420-ஐவிடக் கூடுதலாக இருக்கும். வெயில் ஏறி, காற்று வீசும்போது வைத்துப் பாருங்கள்.