நெடுந்தீவுக்குப் போகிறீர்களா? திரும்பும் படகை முதலில் கேளுங்கள்

விடுமுறைக்கு ஊருக்குப் போகிற எங்கட ஆட்கள் இப்போது யாழ்ப்பாணத்துக்கு அப்பால் கடலில் கிடக்கும் நெடுந்தீவையும் பார்க்கிற இடங்களுக்குள் சேர்த்துக்கொள்கிறார்கள். கட்டாயம் பார்க்கவேண்டிய இடம்தான். ஆனால் வயதானவர்களையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரே நாளில் போய் வருவதென்றால், படகு எத்தனை மணிக்கு வெளிக்கிடும் என்பதை விட, கடைசிப் படகு எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதைத்தான் முதலில் கேட்கவேண்டும். அந்த நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டால்தான் தீவில் எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது என்று தெரியும்.

நாங்கள் ரொறன்ரோவிலிருந்து போனது ஓகஸ்ட் மாதம். அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். தங்கையின் குடும்பமும் யாழ்ப்பாணத்தில் எங்களோடு சேர்ந்துகொண்டது. வாகனம் ஒழுங்குபடுத்தித் தந்தவர், "அண்ணை, படகு எந்த நேரமும் ஓடும், ஆறுதலா வெளிக்கிடலாம்" என்றார். பக்கத்தில் இருக்கிற நயினாதீவுக்கு அது சரி. புங்குடுதீவில் இருக்கும் படகுத்துறையான குறிகட்டுவானிலிருந்து நயினாதீவு கால் மணி, இருபது நிமிட ஓட்டம்தான். பகல் முழுக்கப் படகுகள் போய் வந்துகொண்டிருக்கும். நெடுந்தீவுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் கடலில் போகவேண்டும், படகுகளும் குறைவு. காலைப் படகை விட்டால் அந்த நாள் போனமாதிரித்தான். இரண்டு தீவுக்கும் ஒரே துறையிலிருந்து ஏறுவதால் வெளியில் இருந்து வருகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை.

நல்லகாலம், தங்கையோடு படிப்பிக்கிற ரீச்சர் ஒருவர் நெடுந்தீவைச் சேர்ந்தவர். அவவின் தமையன் முதல்நாள் பின்னேரம் போனில் எல்லாம் விளங்கப்படுத்தினார். சோழகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசுகிற காலம், காலையில் கடல் கொஞ்சம் அடங்கியிருக்கும், பின்னேரம் எழும்பும், பிள்ளைகளுக்கு வயிறுமுட்டச் சாப்பாடு குடுக்காதேங்கோ என்று அவர் சொன்னது அப்படியே பலித்தது. படகு நேரங்கள் காற்றுக்கும் நாளுக்கும் ஏற்ப மாறும். இணையத்தில் கிடக்கும் பழைய நேரசூசியை நம்பாமல், தீவில் இருக்கிற ஒருவரிடம் முதல்நாள் கேட்டுவிடுங்கள். ஒருவரையும் தெரியாவிட்டால் குறிகட்டுவானுக்குப் போகிற பஸ்ஸின் நடத்துனரைக் கேட்டாலும் சொல்லுவார்.

யாழ்ப்பாணத்திலிருந்து துறை 30 கிலோமீற்றருக்கு மேல். பண்ணைப் பாலம், அல்லைப்பிட்டி, வேலணை, பிறகு இரண்டு பக்கமும் கடல் கிடக்கும் தாம்போதி வழியாகப் புங்குடுதீவு. விடியவே வெளிக்கிட்டுவிடுங்கள்.

துறையில்தான் எனக்கு ஒரு விசயம் நன்றாக உறைத்தது. அந்தப் படகு எங்களுக்காக ஓடுவதில்லை. சமையல் காஸ் சிலிண்டர்கள், அரிசி மூட்டைகள், ஒரு மோட்டார் சைக்கிள், மருந்துப் பெட்டிகள் எல்லாம் முதலில் ஏறின. பிறகு தீவுப் பள்ளிக்கூடங்களுக்குப் போகிற ஆசிரியர்கள், அலுவலகக்காரர். கிளினிக்குக்கோ பெரிய வைத்தியத்துக்கோ யாழ்ப்பாணம் வருகிற நெடுந்தீவு மக்களுக்கும் இந்தக் கடல்தான் வழி. 1985 மே 15 இல் நெடுந்தீவிலிருந்து போன குமுதினி என்ற பயணிகள் படகில் கொல்லப்பட்டவர்களை அந்த ஊர் இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூருகிறது. அவுஸ்திரேலிய அரசின் உதவியில் கட்டிய நெடுந்தாரகை என்ற பயணிகள் படகு 2017 இல் சேவைக்கு வந்தபோது அந்த மக்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்திருக்கும் என்பது அந்தத் துறையில் நிற்கும்போதுதான் விளங்கும். ஆகவே சனி, ஞாயிறில் பெருங்கூட்டமாகப் போய் இருக்கைகளைப் பிடித்து வைக்காதீர்கள். இருபது, முப்பது பேர் போகிறதென்றால் தனிப்படகு பேசிக்கொள்வதுதான் நியாயம்.

அம்மா ஏறியதைச் சொல்லவேண்டும். படகு அலையில் ஏறி இறங்கியது, துறை விளிம்புக்கும் படகுக்கும் இடையில் ஒரு முழ இடைவெளி. படகுக்காரத் தம்பி அம்மாவின் விரல்களைப் பிடிக்கவில்லை; மணிக்கட்டுக்கு மேலே இறுக்கிப் பிடித்தார். "அம்மா, கீழ பாக்காதேங்கோ, என்ர முகத்தைப் பாருங்கோ" என்றார். இரண்டு அலையைப் போக விட்டார். மூன்றாவது அலையில் படகு துறை மட்டத்துக்கு வந்ததும் "இப்ப" என்று ஒரு சொல். அம்மா உள்ளே நின்றா. அந்தப் பொறுமைக்கும் கைப்பழக்கத்துக்கும் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும். ஆனாலும் முழங்கால் மடங்காதவர்களும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் ஒருவரின் கைபலத்தை நம்பித்தான் ஏறவேண்டியிருப்பது சரியில்லை. அலையோடு ஏறி இறங்கும் ஒரு மிதவைப் படி வேண்டும். அது முதலில் தீவு மக்களுக்குத்தான் தேவை.

நாங்கள் ஏறிய படகில் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு அங்கி இருந்தது, சின்னப் பிள்ளைகளின் அளவில் இல்லை. பிள்ளைகளோடு போகிறவர்கள் வெளிநாட்டிலிருந்தே ஒன்றிரண்டு கொண்டுபோங்கள், திரும்பும்போது அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வரலாம். கீழ்த்தட்டில் எஞ்சின் சூடும் டீசல் மணமும் குமட்டும். நடுப்பக்கமாகக் காற்றுப் படுகிற இடத்தில் இருந்தால் ஆட்டமும் குறைவு. அம்மா சீலைத்தலைப்பில் முடிந்து வந்த தேசிக்காய் பிள்ளைகளிடம் கைமாறிக் கைமாறி வந்தது.

மாவிலித்துறையில் இறங்கியதும் ஓட்டோக்காரர்கள் வருவார்கள். எந்தெந்த இடம், எத்தனை மணிக்குத் திரும்பத் துறைக்கு, எவ்வளவு காசு என்று மூன்றையும் ஏறமுதல் பேசிவிடுங்கள். ரூபாய் நோட்டாக வைத்திருங்கள். தீவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர்; எல்லாவற்றையும் பார்க்க வெளிக்கிட்டால் ஒன்றையும் பார்க்கமாட்டீர்கள். நாங்கள் பெருக்கமரம் (பாவோபாப்), முருகைக்கல்லால் (கடற்பவளக் கல்) கட்டிய பழைய கோட்டையின் இடிபாடு, குதிரைகள் மூன்றோடு நிறுத்திக்கொண்டோம். பெருக்கமரத்தின் பொந்துக்குள் பிள்ளைகள் புகுந்துகொண்டு வெளியில் வர மறுத்தார்கள். சிமெந்து இல்லாமல் முருகைக்கல்லை அடுக்கிய வேலிகள் வழியெல்லாம் வந்தன. அவற்றைப் பார்க்கவென்றே ஓட்டோவை மெதுவாக விடச் சொன்னேன். குதிரைகள் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்தில் வந்தவற்றின் வழி என்பார்கள். வெட்டவெளியில், காய்ந்த புல்லில், விலா எலும்பு தெரிய நின்றன. கோடையில் அவற்றுக்குத் தண்ணீர் கிடைப்பதே பாடு. கிட்டப் போய்த் துரத்திப் படம் எடுக்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

மத்தியானச் சாப்பாட்டை முதல்நாளே சொல்லி வைத்ததால் ஒரு வீட்டில் சோறும் மீன்குழம்பும் கணவாய்ப் பிரட்டலும் சூடாகக் கிடைத்தன. சொல்லாமல் போனால் பிஸ்கட்டோடு திரும்ப வேண்டிவரலாம். குடிதண்ணீர் அங்கே அருமையான பொருள். உங்களுக்கு வேண்டியதைக் கொண்டுபோங்கள், வெறும் போத்தல்களைத் திருப்பிக் கொண்டுவாருங்கள். பெண்களுக்குக் கழிப்பறைதான் பெரிய கரைச்சல். சாப்பிட்ட வீட்டிலேயே கேட்டுப் போய்விட்டு வந்தது அம்மாவுக்கும் தங்கைக்கும் உதவியது.

திரும்பும் படகுக்கு அரை மணிக்கு முன்பே துறைக்கு வந்துவிட்டோம். அப்போதே வரிசை நீண்டிருந்தது. பின்னேரக் கடல் சொன்னபடியே எழும்பியது, நனைந்துகொண்டுதான் வந்தோம்.

நடக்கவே கஷ்டப்படுகிற பெரியவர்கள் என்றால் என் யோசனை நயினாதீவுதான். நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு, அன்னதானச் சோறும் சாப்பிட்டு, ஆறுதலாகத் திரும்பலாம்; ஆனித் திருவிழா நாட்களை மட்டும் தவிர்த்துக்கொள்ளுங்கள், சனம் நெரியும். இரண்டு தீவையும் ஒரே நாளில் போட்டு ஒருவரையும் அலைக்கழிக்க வேண்டாம். நெடுந்தீவில் தங்குகிற இடங்கள் இப்போது இருக்கின்றன. அடுத்தமுறை நாங்கள் பின்னேரப் படகில் போய் இரவு அங்கேயே தங்குவதென்று பேசியிருக்கிறோம்.