வினைச்சொல்லுக்கு எட்டு ஞாயிறுகள்: ஒரு ஆங்கில இலக்கண வகுப்பு

ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் எனக்கு ஆங்கிலத்தில் எப்போதும் இடறுவது வினைச்சொல்தான் என்பதால், எங்கள் ஊரில் ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் நடக்கும் வகுப்பில் 2,400 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். எட்டு வாரமும் வினைச்சொல் மட்டுமே பாடம்.

முதல் இரண்டு வாரங்களுக்கே கொடுத்த பணம் தகும். வரையறைகளை ஒப்பிக்க வைக்காமல், ஆசிரியர் கரும்பலகையில் 'உருகு, உருக்கு' என்று தமிழில் எழுதித் தொடங்கினார். வெண்ணெய் உருகினாலும், நாம் அதை உருக்கினாலும், ஆங்கிலத்தில் 'மெல்ட்' ஒன்றுதான். செயப்படுபொருள் வருகிறதா என்பதை வைத்தே அது குன்றிய வினையா, குன்றா வினையா என்று சொல்ல முடியும். ஆனால் 'கிட, கிடத்து' என்பதற்கு 'லை, லே' என்றும், 'எழு, எழுப்பு' என்பதற்கு 'ரைஸ், ரெய்ஸ்' என்றும் ஆங்கிலத்திலும் இணைகள் உண்டு. இதில் 'லை' என்பதன் இறந்தகாலமும் 'லே' என்றே வருவதால்தான் இத்தனை ஆண்டுகளாகக் குழம்பியிருக்கிறேன் என்பது அன்றுதான் தெரிந்தது.

நிலையைக் குறிக்கும் வினைகளையும் அவர் இப்படியே விளக்கினார். 'ஐ ஆம் ஹேவிங் டூ சில்ட்ரன்' என்ற ஒருவரிடம், "எனக்கு இரண்டு பிள்ளைகள் இருந்துகொண்டிருக்கிறார்கள் என்று வீட்டில் சொல்வீர்களா?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது, அந்தப் பிழை அதன்பின் யார் வாயிலும் வரவில்லை. 'அவர் மருத்துவர்' என்பதில் தமிழுக்கு வினையே தேவையில்லை, ஆங்கிலத்துக்கோ 'இஸ்' இல்லாமல் வாக்கியமே நிற்காது என்பதைச் சொல்லப் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது.

ஐந்தாம் வாரத்திலிருந்து வேறொருவர் பாடம் எடுத்தார். அத்துடன் தமிழும் விடைபெற்றது. ஒழுங்கற்ற வினைகளின் மூன்று வடிவங்களை நான்கு பக்க நகலாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். அதை நான் ஏழாம் வகுப்பிலேயே செய்து மறந்தாயிற்று. 'கேன், குட், மே, மைட், ஷல், ஷுட், வில், வுட், மஸ்ட்' என்னும் ஒன்பது துணைவினைகளும் ஒரே வகுப்பில் ஓடிப்போயின. அங்கேதான் தமிழ் மிகவும் தேவைப்பட்டது. 'கட்ட வேண்டியதில்லை' என்று சொல்ல நினைத்து, வாடிக்கையாளர் ஒருவருக்கு 'யூ மஸ்ட் நாட் பே நவ்' என்று எங்கள் அலுவலகத்திலிருந்தே கடிதம் போயிருக்கிறது. அதற்குப் பொருள் 'இப்போது கட்டக் கூடாது' என்பதாகும். 'டோன்ட் ஹேவ் டு' எங்கே வரும், 'மஸ்ட் நாட்' எங்கே வரும் என்பதை 'வேண்டியதில்லை, கூடாது' என்ற இரண்டே சொற்களால் முடித்திருக்கலாம்.

அச்சிட்ட கையேடு சுமார்தான். விடைப்பகுதியில் பிழைகள் உண்டு. இருக்கைகளுக்கும் மின்விசிறிக்கும் குறையில்லை. முதல் நான்கு வாரங்களுக்கு மட்டும் பணம் கட்ட முடியுமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள்.

எட்டாம் வாரம் நாற்பது நிமிடத்தில் வகுப்பு முடிந்தது, ஈடாக வேறு நாள் தரவில்லை. பாதிப் பணத்தையாவது திரும்பக் கேட்டிருக்கலாம். இதை 'குட் ஹேவ்' என்று எழுதுவதா, 'ஷுட் ஹேவ்' என்று எழுதுவதா என்பது அந்த விடுபட்ட பாடத்தில்தான் இருந்தது.