உதகையில் எடுத்த மூளை ஸ்கேன்: மனச்சிதைவு நோயுள்ள தம்பியுடன் சென்றுவந்த அனுபவம்

மனச்சிதைவு நோய்க்கு 9 ஆண்டுகளாக மருந்து சாப்பிட்டுவரும் என் தம்பிக்குக் கடந்த நவம்பரில் உதகையிலுள்ள ஒரு தனியார் மையத்தில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தோம். சில வாரங்களாகத் தலைவலியும் நடையில் தள்ளாட்டமும் இருந்ததால், கட்டி போன்ற வேறு காரணம் ஏதும் உண்டா என்று பார்த்துவிடும்படி மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்திருந்தார். முதல் ஸ்கேன் 6 ஆண்டுகளுக்கு முன் கோவையில் எடுத்தது. இம்முறை மழையில் மேட்டுப்பாளையம் சாலையில் மண்சரிவு ஏற்படுமோ என்ற அச்சம் இருந்ததால், கோத்தகிரியிலிருந்து தொட்டபெட்டா வழியாக உதகைக்கே பேருந்தில் சென்றோம்.

அங்கே பணியிலிருந்த டெக்னீஷியன் பெண்ணைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். உலோகம் எதுவும் உடலில் இருக்கக்கூடாது என்பதால் அரைஞாண் கயிற்றையும் கையில் கட்டியிருந்த தாயத்தையும் கழற்ற வேண்டியிருந்தது. நோயால் தன் காதில் கேட்கும் குரல்கள் தன்னை நெருங்காமல் காப்பது அந்தத் தாயத்துதான் என்று தம்பி நம்புகிறான். அதைக் கழற்றச் சொன்னதும் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டான். அந்தப் பெண் அதட்டவில்லை. "அண்ணா, இது அம்மா கையிலேயே இருக்கட்டும், அம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்" என்று சொல்லி, கயிற்றை அறுக்காமல் முடிச்சை அவிழ்த்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். பிறகு, கருவி சுத்தியலால் தட்டுவதுபோல் ஒலிக்கும், அந்த ஒலி இயந்திரத்தினுடையது, வேறு யாருடையதும் அல்ல என்று விளக்கி, அதை ஒருமுறை முன்கூட்டியே கேட்கவும் வைத்தார். காதில் குரல் கேட்கும் ஒருவரை அந்தக் குழாய்க்குள் அனுப்பும் முன் இதைவிடத் தேவையான உதவி இல்லை என்று நினைக்கிறேன். அவசரத்துக்கு அழுத்தும் ரப்பர் பந்தைக் கையில் கொடுத்திருந்தார்கள்; தம்பி ஒருமுறைகூட அதை அழுத்தவில்லை.

ரிப்போர்ட் மறுநாள் கிடைத்தது. கட்டி இல்லை, இரத்தக்கசிவு இல்லை. மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகள் சற்றே பெரிதாக உள்ளன என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்த கவுன்ட்டர் ஊழியர், "மூளை சுருங்க ஆரம்பித்துவிட்டது, வருடம் ஒருமுறை எடுத்தால் நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று பார்த்துவிடலாம்" என்று என் அம்மாவிடம் சொன்னார். அன்றிரவு அம்மா சாப்பிடவில்லை. இந்த மையத்தின் மீது எனக்குள்ள ஒரே குறை, ஆனால் பெரிய குறை, இதுதான்.

அவர் சொன்னதற்கு அடிப்படையே இல்லை என்று நான் கூறவில்லை. மனச்சிதைவு நோயாளிகளில் அந்தத் திரவ அறைகள் சராசரியாகப் பெரிதாக இருப்பதை மனநல மருத்துவர் ஈவ் ஜான்ஸ்டோனும் அவருடைய குழுவினரும் 1976-இலேயே இங்கிலாந்தில் சி.டி. ஸ்கேன் மூலம் காட்டினார்கள். அமெரிக்காவின் அயோவாவில் 211 நோயாளிகளைச் சராசரியாக 7 ஆண்டுகளுக்கு மேல் பின்தொடர்ந்து, மொத்தம் 674 எம்.ஆர்.ஐ. படங்களை எடுத்து ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், காலப்போக்கில் மூளைத் திசுவின் அளவு குறைவது தெரிந்தது. மருந்தின் அளவுக்கும் அந்தக் குறைவுக்கும் தொடர்பிருப்பதாகவும் அவர்கள் கண்டார்கள். அதே குழு பின்னர், நோய் திரும்ப வந்து நீடித்த காலத்துக்கும் திசு இழப்புக்கும் தொடர்புண்டு என்று தெரிவித்தது. ஆகவே இதைக் கேட்டுப் பயந்து யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். இவையெல்லாம் பல பேரைச் சேர்த்துப் பார்த்த சராசரிகள். ஒரே ஒருவருடைய படத்தை வைத்துக்கொண்டு, அவருக்கு நோய் இருக்கிறதா, முற்றியிருக்கிறதா என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. நோயே இல்லாத பலருக்கும் அந்த அறைகள் பெரிதாக இருப்பதுண்டு. ஓராண்டில் ஏற்படும் மாற்றம் மிகச் சிறியது. கருவி மாறினாலும், தலை வைத்த கோணம் மாறினாலும், உடலில் நீர் குறைந்திருந்தாலும்கூட அளவில் வேறுபாடு வந்துவிடும். கோவையில் எடுத்தது ஒரு கருவி, உதகையில் எடுத்தது வேறொன்று.

இதையெல்லாம் எங்கள் மனநல மருத்துவர் பொறுமையாக விளக்கிய பின், பழைய குறுந்தகட்டை எடுத்துக்கொண்டு மீண்டும் அந்த மையத்துக்குச் சென்றேன். ரிப்போர்ட் எழுதிய கதிரியக்க மருத்துவர் என்னை உள்ளே அழைத்து, இரண்டு படங்களையும் ஒரே திரையில் திறந்து காட்டினார். வேறு கருவியில் எடுத்த படம் என்பதால் அளவுகளை ஒப்பிட இயலாது, கண்ணால் பார்த்தவரை குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று ஒரு வரியைச் சேர்த்துப் புதிய ரிப்போர்ட் கொடுத்தார். அதற்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை. பழைய படம் உள்ளவர்கள் முதல் நாளே அதைக் கொண்டுசென்று, ஒப்பிட்டு எழுதும்படி கேளுங்கள்.

கோவைக்குப் போய்வரும் செலவையும் அலைச்சலையும் எண்ணினால், வேறு காரணம் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு இந்த மையத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆண்டுதோறும் எடுக்கச் சொன்னால் மருத்துவரைக் கேட்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். தம்பியின் தள்ளாட்டத்துக்கு மாத்திரைகளுள் ஒன்றே காரணமாக இருந்தது. மருத்துவர் அதன் அளவைக் குறைத்த பின் தோட்டத்துச் சரிவில் அவன் மறுபடியும் தனியாக நடக்கிறான்.