தாமஸ்-கில்மன் வினாத்தாள்: ‘பார்க்கலாம் சார்’ என்பதற்கு எத்தனை மார்க்?

தகராறு வந்தால் ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்று அளக்க, அலுவலகப் பயிற்சி வகுப்புகளில் அடிக்கடி கைக்கு வரும் தாள் இது. கென்னத் தாமஸும் ரால்ஃப் கில்மனும் 1974இல் அமெரிக்காவில் வெளியிட்டார்கள். 30 கேள்வி, ஒவ்வொன்றிலும் இரண்டு வாக்கியம், ஒன்றை டிக் செய்தே ஆக வேண்டும். கால் மணி நேர வேலை. தகராறு வந்தால் நீங்கள் மல்லுக்கு நிற்பவரா, சேர்ந்து வழி தேடுபவரா, பாதிக்குப் பாதி பேசி முடிப்பவரா, ஒதுங்கிப்போகிறவரா, விட்டுக்கொடுப்பவரா என்று ஐந்து மதிப்பெண் வரும்.

கட்டியிருக்கும் விதம் கெட்டிக்காரத்தனமானது. ஒவ்வொரு வழியும் மற்ற நான்கோடும் தலா மூன்று முறை மோதும். எனவே எதற்கும் உச்சம் 12, மொத்தம் எப்போதும் 30. ‘நல்ல பிள்ளை’ பதில் போட்டுத் தப்புவது கடினம். சிக்கலும் அங்கேதான். ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கியே தீரும். உங்களுக்கு விட்டுக்கொடுத்தல் 9, பக்கத்து சீட்டுக்காரருக்கு 6 என்றால் நீங்கள்தான் அதிகம் விட்டுக்கொடுப்பவர் என்று அர்த்தமில்லை. உங்கள் மற்ற வழிகளைவிட அது முந்தி நிற்கிறது, அவ்வளவே.

பெரிய ஓட்டை வேறு. எதிரில் இருப்பது யார் என்று தாள் கேட்பதே இல்லை. மேலாளரிடம் “பார்க்கலாம் சார்” என்பவர், தனக்குக் கீழே இருப்பவரிடம் மேசையைத் தட்டலாம். அந்தப் “பார்க்கலாம்” பல நேரம் மரியாதையாகச் சொன்ன ‘முடியாது’. தாளில் அது ஒதுங்கல் கணக்கில் விழுந்துவிடும். பொதுவான ஒருவரிடம் சொல்லி அனுப்புவதற்கும் இங்கே இடமில்லை. வெவ்வேறு பண்பாடுகளில் தகராறை எப்படிக் கையாள்கிறார்கள் என்று ஆராய்ந்த ஸ்டெல்லா டிங்-டூமியின் ஆய்வுகளைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல: எதிராளியின் முகத்தை, அதாவது மரியாதையை, காப்பாற்ற நினைக்கும் சமூகங்களில் ஒதுங்குவது கோழைத்தனம் இல்லை.

பயன்படுத்துகிறவர்கள் இரண்டு தாள் கொடுங்கள். ஒன்றை மேலதிகாரியை நினைத்து, இன்னொன்றை சக ஊழியரை நினைத்து நிரப்பச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே மூன்று, நான்கு மதிப்பெண் தள்ளி நிற்கும் வழியைப் பற்றித்தான் வகுப்பில் பேச வேண்டும். சதமானத்தை (நூற்றுக்கு எத்தனை பேர் உங்கள் மதிப்பெண்ணிலோ அதற்குக் கீழோ இருக்கிறார்கள் என்ற எண்) நம்பும் முன் எந்தக் குழுவோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். 2007இல் சேர்த்த குழு 8,000 பேர், எல்லோரும் அமெரிக்காவில் வேலை பார்த்தவர்கள்.

ஆள் எடுக்கவோ பதவி உயர்வுக்கோ இதை வைக்கவே கூடாது. மேலதிகாரி, கீழ் ஊழியர், சக ஊழியர் என்று தனித்தனிப் படிவம் வேண்டுமென்றால் தகராறைக் கையாளும் விதத்தை அளக்க ஆய்வாளர் அஃப்சலூர் ரஹீம் உருவாக்கிய 28 கேள்வித் தாள் மேல். மறைமுகப் பேச்சையும் கணக்கில் எடுக்க பண்பாடுகளுக்கு இடையிலான தகராறு பாணியை அளக்கும் மிட்செல் ஹேமரின் வினாத்தாள் இருக்கிறது.